பத்து நிமிசத் தூரம்

நீங்க உள்ள தள்ளி சன்னல் பக்கம் உக்காருங்க யக்கா. எனக்கு ஓரந்தான் தோது. இந்தத் தூக்குச்சட்டிய என் காலுக்கு நடுவுல வச்சுக்கிடுதேன், இந்தப் பை உங்க கால் பக்கம் கெடக்கட்டும். இடிக்குதா? இடிக்காது. கொஞ்சம் காலை மடக்கிக்கிட்டா சரியாப் போயிரும்.

என்னது, ஆறுமுகனேரியா? நான் ஆறுமுகனேரில இறங்கலை யக்கா. அதைத் தாண்டி, திருச்செந்தூரும் தாண்டி, காயாமொழியும் தாண்டி, தேரிக்காட்டுக்குள்ள போகணும். கண்டக்டர்ட்ட சொல்லி வச்சிருக்கேன், இறக்கி விட்டுருவாரு. தேரி பாத்திருக்கீங்கல்லா? ஒரே செம்மண்ணு, நடந்தா கணுக்கால் வரைக்கும் உள்ள போகும், அங்கொண்ணும் இங்கொண்ணுமா பனை. அதுக்குள்ள கம்பி வேலி போட்டு ஒரு நிலையம் கட்டியிருக்காங்க. பக்கத்து ஊர்க்காரங்க செவ்வாய் வீடும்பாங்க.

எங்க வீட்டுக்காரவுக அதுக்குள்ள மூணு மாசம் அடைஞ்சு கெடந்துட்டு வந்தாவ. இப்ப மறுபடியும் கூப்பிடுதாங்க, ஒரு வருசத்துக்கு. ஒரு வருசம் யக்கா. பொண்டாட்டி நேர்ல வந்து சரின்னு சொன்னாத்தான் உள்ள விடுவாங்களாம். அவுக கூட வரப்படாதாம். தனியா வந்து மனசு டாக்டர் முன்னால உக்காந்து என் வாயால சொல்லணுமாம். அதுக்குத்தான் போறேன். மாட்டேன்னு சொல்லதுக்கு.

நான் அதிகமாப் பேசுற ஆளு கெடையாது. யாராவது கேட்டாச் சொல்லுவேன், அம்புட்டுதான். நீங்க கேட்டதால சொல்லுதேன்.

இந்த ராக்கெட்ல ஆளு போகுதுல்லா, அவங்க போறதுக்கு முன்னால எப்படிப் பழகுவாங்கன்னு என்னைக்காவது நெனச்சிருக்கீங்களா? நான் நெனச்சதே இல்ல. ஏறி உக்காந்தா அது பாட்டுக்குப் போயிரும்னுதான் இருந்தேன். அப்படி இல்லையாம். உடம்பைப் பழக்குறது ஒரு பக்கம்னா, மனசைப் பழக்குறதுதான் பெரும்பாடாம். செவ்வாய்க்குப் போகவே மாசக்கணக்கா ஆகுமாம். நாலு பேரை ஒரு தகர டப்பாவுக்குள்ள போட்டு அடைச்சா எத்தனை நாளைக்கு ஒருத்தரை ஒருத்தர் கடிக்காம இருப்பாங்கன்னு இங்கயே பாத்து வச்சுக்கிடணுமாம். அதைப் பாக்க இம்புட்டுச் செலவு பண்ணி தகரம் அடிக்கணுமா, எங்க மாமியா வீட்ல ஒரு வாரம் வந்து இருந்தாத் தெரிஞ்சிருக்குமேன்னு கேட்டேன். ரெஜினான்னு அந்த மனசு டாக்டரம்மா, நாரோயில்காரப் பொண்ணு, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சுது.

எனக்குச் செவ்வாயே ஆகாது யக்கா. ஜாதகத்துல அது எட்டாமெடத்துல உக்காந்துகிட்டு ரெண்டு வரனைத் தட்டி விட்டுட்டு. மூணாவதா வந்தவுகதான் இவுக. இவுகளாவது மிச்சம்னு இருந்தா, நேரா அங்கயே போயி உக்காந்துக்கிட்டாவ.

உள்ள நாலு பேரு. ரெண்டு பேரு நெசமாவே மேல போறதுக்குப் பழகுறவங்க. செடி வளக்கதுக்கு ஒருத்தரு. தண்ணி மெசினைப் பாக்கதுக்கு எங்க வீட்டுக்காரவுக. லிங்கதுரை சார்னா அங்க எல்லாருக்கும் தெரியும். இங்க தூத்துக்குடில ஒரு கம்பெனில கடல்தண்ணிய நல்ல தண்ணியாக்குற எடத்துல சோலி அவுகளுக்கு. அமைதியான மனுசன். வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாது. அப்படிப்பட்ட ஆளு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எழுதிப் போட்டு, பரீட்சை எழுதி, தேறி, சேதி வந்து நிக்கி. என்ன இப்படிப் பண்ணிட்டீகன்னா, சொன்னேம்லாங்காவ. எப்பச் சொன்னீகன்னேன். மூணு தடவ சொன்னேங்காவ. ஒரு தடவ நீ மாவாட்டிக்கிட்டு உங்க அக்கா வீட்டு வெவகாரம் பேசிக்கிட்டு இருந்தப்பங்காவ. அது சொல்லுற நேரமா, நீங்களே சொல்லுங்க.

பழையகாயல் வந்துட்டு பாருங்க. உப்புக் காத்து மூஞ்சில அடிக்கி. சன்னலை அடைக்கணுமா? வேண்டாம், காத்து வரட்டும்.

உள்ள போறதுக்கு முன்னால ஒரு மாசம் பழக்குனாங்க. தண்ணித் தொட்டிக்குள்ள முக்கி வேலை பாக்கச் சொன்னாங்களாம். நல்லாத் தூங்கையில சங்கு ஊதி, தீப்பிடிச்சிட்டு, காத்து கசியுதுன்னு பொய் சொல்லி எழுப்பி விட்டு, எவன் பதறுதான்னு பாத்தாங்களாம். எங்க வீட்டுக்காரவுக பதறவே இல்லையாம். நாடி கூட ஏறலைன்னு டாக்டரம்மா ஆச்சரியமாச் சொல்லுது. எப்படிம்மா இப்படி நிதானமா இருக்காங்கன்னு எங்கிட்டயே கேக்குது. எல்லாம் நான் பழக்குனதுதான், வீட்ல நான் எல்லாத்தையும் பாத்துக்கிடுதேன்லா, அவுகளுக்குப் பதறதுக்கு வேலையே இல்லைன்னேன்.

அங்க பொழப்பு எப்படித் தெரியுமா? சாப்பாடெல்லாம் காய வச்ச பொடி. சுடுதண்ணிய ஊத்துனா சாம்பார்சாதம்னு ஒண்ணு ஆகும். தண்ணியச் சொன்னா நீங்க மூக்கைப் பொத்துவீங்க. நாலு பேரும் ஒண்ணுக்குப் போனது, வேத்தது, வாய் கொப்புளிச்சது எல்லாத்தையும் சேத்துப் பிடிச்சு, சுத்தம் பண்ணி, அதுலயே காப்பி. அந்த மெசினு எங்க வீட்டுக்காரவுக பொறுப்பு. நேத்துக் காப்பிதான் நாளைக்குக் காப்பின்னு சிரிக்காவ. எனக்குக் கொமட்டிட்டு வந்துட்டு. தெனமும் ஓடுற மெசின்ல உடம்பை வார் போட்டுக் கட்டிக்கிட்டு ஓடணும். மேல போனா உடம்புக்குக் கனமே இல்லாம எலும்பு உளுத்துப் போகுமாம். தேரில என்ன கனம் கொறைஞ்சு போச்சுன்னா, பழகணும்லாங்காவ. படுக்கதுக்கு ஆளுக்கு ஒரு பொந்து, நம்ம ரயில்ல மேல் பெர்த்து இருக்குல்லா, அம்புட்டுதான்.

வெளிய வரணும்னா இருக்க கூத்தைக் கேளுங்க. ஆளு கனத்துக்கு ஒரு உடுப்பு, தலையில கண்ணாடிச் சட்டி. மொதக் கதவைத் தொறந்து நடு ரூம்ல நிக்கணும். காத்தை எடுத்தாச்சுன்னு மணி அடிக்கிற வரைக்கும் நின்னுட்டு, பெறகு ரெண்டாங் கதவு. வெளிய வந்து செம்மண்ணுல தவழ்ந்து கல்லு பொறுக்கணும். தேரில ஏது யக்கா கல்லு? இவங்களே லாரில கொண்டு வந்து கொட்டி வச்சிருக்காங்க. அதை இவங்களே போயிப் பொறுக்கிட்டு வரணும். வேலிக்கு வெளிய ஆடு மேய்க்கிறவங்க நின்னு பாத்துக்கிட்டு இருப்பாங்களாம். இவங்க அவங்களைப் பாக்காத மாதிரி இருக்கணும். செவ்வாய்ல ஏது ஆடு?

சரி, அதெல்லாம் கழுதை போகட்டும். என் கொறையும் ஆவலாதியும் அது இல்ல. என் ஆவலாதி இந்தப் பேச்சு விசயந்தான்.

வாரத்துக்கு ஒருநா வீட்டாளு போயிப் பேசலாம். வேலிக்குள்ள ஆபீஸ்னு ஒரு சின்னக் கட்டடம், அதுல ஒரு ரூம்பு, மேசைல மைக்கு, சின்னதா ஒரு செவப்பு பல்பு. அந்த ரூம்பு சன்னல்ல இருந்து பாத்தா அந்தத் தகர வீடு தெரியும். கூப்பிடு தூரம். சத்தம் போட்டா அவுக காதுல விழும். ஆனா சத்தம் போடப்படாது. மைக்குலதான் பேசணும். பேசுனா அது பத்து நிமிசம் கழிச்சுத்தான் அவுகளுக்குப் போகும். அவுக பேசுறது இன்னொரு பத்து நிமிசம் கழிச்சுத்தான் நமக்கு வரும். ஏன்னு கேட்டா, செவ்வாய் அம்புட்டுத் தூரமாம், பேச்சு போயிச் சேரவே அம்புட்டு நேரமாகுமாம். கிரகம் கிட்ட வந்தா கொறையும், தள்ளிப் போனா கூடுமாம். இவங்க பொதுவா பத்துன்னு வச்சுக்கிட்டாங்க. கண்ணெதிரே இருக்க மனுசனைக் கொண்டு போயி வானத்துல வச்ச மாதிரி.

மொத வாரம் நான் போயி உக்காந்து, என்னங்க சாப்பிட்டீகளா, கேக்குதா, ஏன் பேச மாட்டேங்கீக, கோவமா, தூங்குதீகளா, கேக்குதா இல்லையான்னு ஒரே மூச்சுல கேக்கேன். செவப்பு பல்பு பாட்டுக்கு எரியுது. அந்தப் பக்கம் ஒரு சத்தமில்ல. மெசினு ரிப்பேருன்னு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். ரிப்பேர் இல்லம்மா, பேச வேண்டியதை முழுசாப் பேசி முடிச்சுட்டு, முடிஞ்சதுன்னு சொல்லி, காத்திருக்கணும்னுது. காத்திருந்தேன். எனக்கு அந்த நேரம் எப்படிப் போச்சுன்னு சொல்ல முடியாது யக்கா, புளிய மரத்துல கட்டிப் போட்ட மாதிரி இருந்துச்சு. பெறகு வந்துச்சு அவுக பேச்சு.

அதை எப்படிச் சொல்ல. சாப்பிட்டேன் கனின்னு ஆரம்பிச்சு, நான் கேட்ட ஒவ்வொண்ணுக்கும் வரிசையா பதில் சொல்லி, கீரை வெதை மொளைச்சுட்டுன்னு சொல்லி, அந்த மொளை எப்படி வெளிச்சத்தைத் தேடித் தலையைத் திருப்புதுன்னு சொல்லி, ஒரு தடவ சிரிச்சு, முடிஞ்சதுன்னாவ. அவுக கொரலு அப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது யக்கா. கல்யாணம் முடிஞ்சு இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, மகன் கோயம்புத்தூர்ல படிக்கான், அவுக இம்புட்டு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்ல. வீட்ல அவுக மெதுவா ஆரம்பிப்பாவ. பாவம் திணறுதாவளேன்னு நான் எடுத்துக் குடுப்பேன். ஒரு ஒத்தாசைக்குத்தான்.

பெறகு ஒவ்வொரு வாரமும் போவேன். நான் பேசுறதைச் சீக்கிரமா முடிச்சுட்டுக் காத்துக் கெடப்பேன். பஸ்ஸுல போகையிலயே இன்னைக்கு என்ன சொல்லுவாவளோன்னு இருக்கும், கட்டிக்கிட்டு வந்த புதுசுல கூட அப்படி இருந்ததில்ல. பக்கத்து வீட்டு மதினி கேக்கா, என்ன கனி, மாப்பிள்ளையை உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க, நீ பவுடர் போட்டுக்கிட்டுப் போறன்னு.

முக்காணிப் பாலமா இது? ஆத்துல தண்ணி கெடக்கு பாருங்க.

ரெண்டு மாசம் ஆகியிருக்கும். அன்னைக்கு நான் போனப்ப டாக்டரம்மா, இன்னைக்கு லிங்கதுரை சார் கொஞ்சம் நீளமாப் பேசுவாரு போலம்மா, கேட்டுட்டு என்னைக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு.

எங்களுக்கு மொதல்ல ஒரு பொம்பளப்பிள்ளை இருந்தா யக்கா. பிரியதர்சினின்னு அவுகதான் பேரு வச்சாவ. தவழுற வயசு. காய்ச்சல்ல போயிட்டா. அதைப் பத்தி நாங்க பேசுனது கெடையாது. நான் பேசுவேன், அவளைப் பத்தி ஊருக்கே பேசுவேன். அவுக எந்திரிச்சு வெளிய போயிருவாவ. இந்த மனுசனுக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதுன்னு நான் முடிவு கட்டி வச்சிருந்தேன். மறந்துட்டாவன்னு நெனச்சேன்.

அன்னைக்கு மைக்குல அவுக அதைத்தான் பேசுனாவ. பிள்ளையைக் கொண்டு போனப்ப துணி வெலகி ஒரு குதிகால் தெரிஞ்சுதாம், அதை மூடி விட்டது அவுகதானாம். வருசா வருசம் அந்த நாளன்னைக்குக் கம்பெனில லீவு சொல்லிட்டு தேரிக்கு வந்து ஒரு பனை மூட்டுல சாஞ்சு உக்காந்துட்டுப் போவாவளாம். எனக்குத் தெரியாது. வேலைக்குப் போறாவன்னு சோறு கட்டிக் குடுத்திருக்கேன். அந்தச் சோத்தை என்ன பண்ணுவாவளோ. பெறகு சொன்னாவ. கனி, அன்னைக்கு நீ அழுதுகிட்டே பேசுன, பேசிக்கிட்டே அழுத. வீடு பூரா உன் அழுகையா இருந்துச்சு. எனக்கு அழறதுக்கு எடம் இல்லாமப் போச்சு. இப்ப இங்க எடம் இருக்குன்னு தோணுச்சு. அதான் சொல்லுதேன். முடிஞ்சது.

முடிஞ்சதுன்னு சொல்லிட்டு அழுதாவ யக்கா. மைக்கை நிறுத்த மறந்துட்டாவ போல. எனக்குக் கேட்டுச்சு.

இல்ல, இல்ல, பையை மடியில எடுத்து வச்சுக்கிடுங்க, கீழ இருந்தா மண்ணாயிரும். எங்க விட்டேன்? ஆங். நான் எந்திரிச்சுட்டேன். மைக்குல என்ன சொன்னேன்னு நெனைக்கீங்க? இருங்க வாரேன்னு மட்டுந்தான் சொன்னேன். பத்து நிமிசம் எவன் காத்திருப்பான். செருப்பை விட்டுட்டு ஓடுனேன். வெக்கைல அந்த மண்ணு காலைச் சுடுது, உள்ள உள்ள இழுக்குது, நான் பாட்டுக்கு ஓடுதேன். வேலிக் காவலுக்கு இருந்தவன் ஏம்மா ஏம்மான்னு வாரான். தகரச் சுவத்துல போயித் தட்டுனேன். வீட்ல அவுக குளிக்கையில கதவைத் தட்டுவேன்லா, மூணு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொண்ணு, அதே மாரி. என்னைத் தவிர யாரும் அப்படித் தட்ட மாட்டாங்க. நான்தான்னு அவுகளுக்குத் தெரியும்.

வரலை. ஒரு சத்தம் வரலை. நான் தட்டிக்கிட்டே நிக்கேன். பெத்த வயிறு எரிஞ்சு போயி நிக்கேன், உள்ள ஒரு நாற்காலி கூட நகரலை. இதைத்தான் யக்கா என்னால மறக்க முடியலை. ஒரு ஆளு பக்கத்துல நின்னு தட்டுதான்னா என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்களா? அப்படி ஒரு கல்நெஞ்சு இருக்குமா?

ஏன் யக்கா என் கையத் தட்டுதீங்க? நான் அழலை. காத்துக்குக் கண்ணு கலங்குது. இல்ல, பரவாயில்ல, இருங்க, நீங்க உக்காருங்க, நான் சொல்லிருதேன், மனசுல வச்சுக்கிட்டா எனக்கு நெஞ்சு அடைச்சுக்கும். நீங்க நல்ல மனுசி, தட்டிக் குடுக்கீங்க. இந்தக் காலத்துல பக்கத்துல இருக்கவுக சங்கடத்தை யாரு காது குடுத்துக் கேக்கா.

பெறகு ரெஜினா டாக்டரம்மா வந்து என் தோளைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. உள்ள இருந்து கதவைத் தொறந்தா நாலு பேரும் செத்ததா ஆயிருமாம், அந்த மூணு மாசமும் வீணாம். தேரிக்காட்டுக் காத்துல எவன் செத்தான்? எங்க ஐயா சாகுற வரைக்கும் அந்தக் காத்துல பனையேறுன ஆளு. இதை நான் சொன்னேன். அதுக்கு டாக்டரம்மா, செவ்வாய்ல போயி ஒருநா யாராவது தட்டுனா தொறக்காம இருக்கணும்லம்மா, அதுக்குத்தான் இம்புட்டுப் பழக்கம்னுது. செவ்வாய்ல எவ போயித் தட்டுவா? எனக்கு ஒண்ணும் வெளங்கலை. நான் வேலிக்கு வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கையிலதான், நான் சொன்ன இருங்க வாரேன், அவுக காதுல போயி விழுந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த பெறகு கேட்டேன். தட்டுனேனே, கேட்டுச்சான்னு. கேட்டுச்சுன்னாவ. நான் அந்தப் பக்கம் தகரத்துல கையை வச்சுக்கிட்டு நின்னேன், நீ தட்டுறது உள்ளங்கையில அதிர்ந்துச்சு, நீ போன பெறகும் நின்னேன்னாவ. நின்னாவளாம். நின்னு என்ன புண்ணியம்? எனக்குத் தெரிஞ்சுதா?

வந்து நாலு மாசம் ஆச்சு. எங்க வீடு பெரிய வீடு யக்கா, மூணு ரூம்பு. அவுக போயி சாமான் போடுற சின்ன ரூம்புல ஒடுங்கிப் படுத்துக்கிடுதாவ. கொழாயைத் தொறந்து விட்டுட்டுத் தண்ணியவே பாத்துக்கிட்டு நிக்காவ. டம்ளரைக் கைவிட்டா மெதந்துரும்னு பயந்த மாரி மூடி போட்டு வைக்காவ. ஒரு நா சாயங்காலம் எம் பக்கத்துல வந்து உக்காந்து, கனி, அந்தப் பனை மூட்டுல உக்காந்திருக்கையிலன்னு ஆரம்பிச்சாவ. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துட்டு. ஆமா ஆமா, தெரியும், வேலிக்குக் கெழக்க நிக்குமே அந்த ரெட்டைப் பனைதானே, அங்கன எங்க சித்தப்பாவுக்குக் கூட பனை இருந்துச்சு, அதை வித்துத்தான் அவரு பெரிய மகளைக் கட்டிக் குடுத்தாரு, அந்த மாப்பிள்ளை சரியில்லன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். பாத்தா அவுக எந்திரிச்சுப் போயி மோட்டார் போட்டுக்கிட்டு இருக்காவ. ஆரம்பிச்ச பேச்சை முடிக்கிறதில்ல. அங்க டப்பாவுக்குள்ள மட்டும் முடிக்காவ, வீட்ல முடிக்க மாட்டேங்காவ. நான் என்ன பண்ண?

சும்மா இருந்தும் பாத்தேன் யக்கா. ஒரு நா பூரா வாயத் தொறக்கப்படாதுன்னு வைராக்கியமா உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல அவுக வந்து நெத்தியத் தொட்டுப் பாக்காவ. உடம்பு சரியில்லையா கனிங்காவ. இல்லைன்னு தலையாட்டுனேன். ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. ஆட்டோவுல எனக்குப் பொறுக்கலை, பேச ஆரம்பிச்சேன், அவுகளுக்கு உசுரு வந்துச்சு.

அப்பத்தான் இந்த ஒரு வருசத்துச் சேதி வந்துச்சு. அவுக மூஞ்சியப் பாக்கணுமே. போகட்டுமான்னும் கேக்கலை. உன் இஷ்டம் கனின்னு சொல்லிட்டு, ராத்திரி அந்தச் சாமான் ரூம்புல ஓடுற மெசின்ல ஓடுன மாரி நின்ன எடத்துலயே ஓடிப் பாக்காவ. மாட்டேன்னு சொன்னா அந்த ரூம்புலயே இருந்துக்கிடுவாவ, எனக்குத் தெரியும், ஒரு நா கூட எம்மேல கோவப்பட மாட்டாவ. அதான் பயமா இருக்கு. சரின்னு சொன்னா வீட்ல நான் மட்டும் செவத்தைப் பாத்துக்கிட்டு. எங்கிட்டுப் போனாலும் அடைக்குது யக்கா. ஆனா மாட்டேன்னுதான் சொல்லப் போறேன். தட்டுனா தொறக்காத எடத்துக்கு நான் ஏன் அவுகளை அனுப்பணும்?

திருச்செந்தூர் வந்துட்டு. கோயில் கோபுரம் தெரியுது, கும்பிட்டுக்கிடுங்க. எந்திரிக்கீங்களே, நீங்களும் இங்கனதானா? இல்லையா? பெறகு எங்க?

ஆறுமுகனேரியா. ஆறுமுகனேரி போயி எம்புட்டு நேரம் ஆச்சு யக்கா, காயல்பட்டினமும் தாண்டியாச்சே. சொல்லப்படாதா?

சொன்னீங்களா? எப்ப?

ஏறுனதும் சொன்னீங்களா. ஆறுமுகனேரி வந்தா வழி விடுங்கன்னா? பெறகு பையை எடுத்தது அதுக்கா. கையத் தட்டுனது, அது, நான் அழுதேன்னு தேத்துதீங்கன்னுல்லா நெனச்சேன்.

மூணு தட்டு தட்டுனீங்க. எனக்குத் தெரிஞ்சுது யக்கா. தெரியலைன்னு பொய் சொல்ல மாட்டேன். கையில பட்டுது. உக்காருங்கன்னு நான்தானே பிடிச்சு உக்கார வச்சேன். நீங்களும் உக்காந்துட்டீங்க.

இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிடுதேன். தண்ணி எங்கிட்டயே இருக்கு. ஒண்ணுமில்ல.

தம்பி, கண்டக்டர் தம்பி, இந்தக்கா ஆறுமுகனேரிக்குத் திரும்பிப் போகணும், பஸ்ஸு எப்ப? பத்து நிமிசமா? இந்த வண்டியும் பத்து நிமிசம் நிக்குமா. சரி.

கேட்டீங்களா யக்கா. பத்து நிமிசமாம்.

நான் சரின்னு சொல்லிருதேன் யக்கா. அந்த டாக்டரம்மாட்ட போயி, போகட்டும்னு சொல்லிருதேன். வீட்ல என் வாய் நிக்காது. நிக்கும்னு நான் சத்தியம் பண்ணுனா நீங்களே நம்ப மாட்டீங்க, இப்பத்தானே பாத்தீங்க. எனக்கு நடுவுல ஒரு தகரம் வேணும். அவுக ஒரு வருசம் உள்ள இருந்தா வாரத்துக்கு ஒருக்கவாவது முழுசா ஒரு பேச்சு கேப்பேன். பக்கத்துலயே வச்சுக்கிட்டா அதுவும் கெடையாது. ஒரு வருசம். தீவாளிக்கு இருக்க மாட்டாவ. பிள்ளை போன நாளன்னைக்கு மட்டும் பேச விடணும்னு டாக்டரம்மாட்ட கேட்டுக்கிடுதேன். அன்னைக்கு அவுக பேசட்டும். நான் மைக்கு பக்கமே போகலை.

இந்தாங்க, நான் காலை ஒதுக்கிக்கிடுதேன், உங்களுக்கு வழி இருக்கு. உங்க பஸ் வர வரைக்கும் உக்காருங்க. ஆறுமுகனேரில உங்களுக்கு என்ன சோலி?

ஆஸ்பத்திரியா. யாருக்கு யக்கா, உங்க அம்மைக்கா? எங்க அம்மைக்கும் இப்படித்தான் ஒரு தடவ, அங்கதான்

இல்ல. இல்ல யக்கா. நீங்க சொல்லுங்க. பத்து நிமிசம் இருக்கு. நான் கேக்கேன்.